சூளையை அடைகாத்தவன்

எங்கள் ஊரில் ஒரு மனிதன் கோழி மாதிரி சூளைமேல் உட்கார்ந்து, புயலுக்கு நடுவில் அடைகாத்து, ஆளுயர ஜாடிகளைப் பொரித்தெடுத்தான். நானே பார்த்தேன். அப்போது எனக்குக் கண்ணாடிகூடக் கிடையாது.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஷிகராக்கிப் பள்ளத்தாக்கில் என்னைப் புளுகன் என்று சொல்லாதவர் ஒரே ஒருத்தர்தான். அவர் பல் வைத்தியர். நான் வாயைத் திறந்தாலே அவர் உள்ளே எதையாவது திணித்துவிடுவதால் என் பேச்சை அவர் முழுசாகக் கேட்டதில்லை. ஆனால் இந்தக் கதைக்கு ஒரு சாட்சி இருக்கிறான். நம்பவே மாட்டேன் என்று நின்ற கன்பெய். அவனைக் கடைசியில் கூட்டிவருகிறேன்.

நான் பென்ஷன் வாங்கியது தீயணைப்பு நிலையத்தில். எங்கள் ஊரில் அந்த வேலை எப்படியென்றால், போன் வரும். "மலைச்சரிவுல புகையா வருது" என்பார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "அது தோக்குஜி வீட்டுச் சூளை. புகை கறுப்பா வந்தா விறகு போடுறான், வெள்ளையா வந்தா சாப்பிடப் போயிருக்கான்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன். நான் அணைத்த தீயைவிட அணைக்காமல் விட்ட தீதான் அதிகம். அதற்காக ஒரு மெடல்கூடக் கொடுத்தார்கள்.

தோக்குஜி மீசை முளைப்பதற்கு முன்பே கணப்புச்சட்டிப் பட்டறையில் மண் மிதிக்கப் போனவன். வீடுகளுக்கு மின்சாரக் கணப்பு வந்ததும் பட்டறைக்காரர்கள் பூந்தொட்டிக்கும் தனுக்கிப் பொம்மைக்கும் மாறினார்கள். எங்கள் ஊர் வழியாகப் போனவர்களுக்குத் தனுக்கியைத் தெரியாமல் இருக்காது. நரியும் நாயும் கலந்த முகம், வைக்கோல் தொப்பி, தொந்தி, கையில் சாக்கே மதுக்குடுவை, தொந்திக்குக் கீழே நான் இங்கே எழுதக் கூடாத இரண்டு. கடைவாசல்தோறும் நின்று சிரித்துக்கொண்டிருக்கும். தோக்குஜி மட்டும் மலையைக் குடைந்து, பழைய மாதிரி, படுத்த சுரைக்காய் போல ஒரு விறகுச் சூளை கட்டினான். பைன் விறகை இரவு பகலாக ஊட்டுவான். சாம்பல் பறந்து ஜாடியின் தோளில் உட்காரும். சூடு ஏறினால் அந்தச் சாம்பலே உருகிப் பச்சைக் கண்ணாடியாக வழியும். அந்த வழிசலுக்காகக் கியோத்தோவிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து வாசலில் காத்திருப்பார்கள்.

கையும் கண்ணும் சரி. பிருஷ்டம்தான் சரியில்லை. ஓர் இடத்தில் உட்காராது.

சூளையை எரிப்பது பாதி வேலைதான். வாயைச் செங்கல் வைத்து அடைத்து, மண் பூசி, எத்தனை நாள் எரிந்ததோ அத்தனை நாளாவது ஆறவிட வேண்டும். அந்த நாட்களில் செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் தோக்குஜியால் செய்ய முடியாது. உள்ளே என்ன ஆயிற்றோ என்று தெரியாமல் அவனுக்குச் சோறு இறங்காது. பாதி ஆறும்போதே போய்ச் செங்கல்லைப் பிடுங்குவான். குளிர்காற்று உள்ளே போகும். அப்புறம் ஒரு சத்தம் வரும் பாருங்கள், கிண், கிண் என்று, கோயில் மணி போல. ஒவ்வொரு மணிக்கும் ஒரு ஜாடி பிளக்கும். அவன் வீட்டுக்கு ஏறிப்போகும் பாதை முழுக்க ஓட்டாஞ்சில்லுதான். அந்தப் பாதையில் நடக்கும்போது நாம் மிதிப்பதெல்லாம் அவனுடைய நல்ல ஜாடிகள்.

அந்த வருஷம் கதை மாறியது. சூளையின் பின்வரிசை முழுக்க அவன் மனைவி மிசாவோ செய்த ஜாடிகள்.

மிசாவோ கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனுக்கு மண் பிசைந்தவள், விறகு பிளந்தவள், கார் போட்டு வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தவள். அந்த வேனிலில்தான் மண்ணைத் திரியாக உருட்டி, சுற்றிச் சுற்றி அடுக்கி, தனக்கென்று பெரிய ஜாடிகள் எழுப்பினாள். இடுப்புயரம். ஆரம்பத்தில் ஆளுயரம் என்று சொன்னேன். சரி, ஆள் கொஞ்சம் குள்ளம். ஒவ்வொன்றின் அடியிலும் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறியிருந்தாள். கியோத்தோக் கடைக்காரர் ஒருவர் சுடாத பச்சை மண்ணாக இருக்கும்போதே அவற்றைப் பார்த்துவிட்டு, இலையுதிர் காலத்தில் காட்சிக்கு வைக்க ஒரு தனி அறையே ஒதுக்குவதாகச் சொல்லிப் போனார்.

சூளையை அடைத்த அன்று நானும் அங்கே இருந்தேன். கன்பெய்யும் இருந்தான். அவன் மிசாவோவின் அண்ணன். தனுக்கி செய்கிறவன், காஸ் சூளைக்காரன், பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்குகிறவன். மிசாவோ சுட்ட கானாங்கெளுத்தியும் முள்ளங்கி ஊறுகாயும் சோற்றுருண்டையும் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள்:

"என்னங்க, எல்லாரும் இருக்கும்போதே சொல்லிடறேன். உங்க ஜாடிய நீங்க உடைச்சா அது உங்க பாடு. இந்தத் தடவ பின்வரிசை என்னோடது. நாள் ஆகறதுக்கு முன்னாடி ஒரு செங்கல்ல தொட்டீங்கன்னா, நான் ஹிகோனேக்கு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

"அங்க போயி என்ன பண்ணுவ?"

"அக்கா மீன்கடை வெச்சிருக்கா. மீன் செத்ததுக்கப்புறம் வெடிக்காது."

கன்பெய் சோற்றுருண்டையோடு சிரித்தான். "இப்பவே மூட்டையக் கட்டிடு தங்கச்சி. இவன் அம்மா வயித்துலயே பொறுமையில்லாம எட்டாம் மாசம் வெளிய வந்தவன்."

"மச்சான், வாயில இருக்கறத முழுங்கிட்டுப் பேசு."

"நீ மட்டும் அத்தனை நாளும் காத்திரு மாப்ளே. எங்க கடை வாசல்ல தனுக்கியோட தனுக்கியா, தொப்பி போட்டுக்கிட்டு, குடுவையத் தூக்கிக்கிட்டு நிக்கறேன்."

"கூடுதலா ஒண்ணும் தேவைப்படாது. தொந்தி உங்கிட்டயே இருக்கு" என்றேன் நான்.

மறுநாளே கன்பெய் ஒரு லாரி நிறையப் பொம்மை ஏற்றிக்கொண்டு ஒசாக்காவுக்குப் போய்விட்டான். நாங்கள் தோக்குஜியோடு மாட்டிக்கொண்டோம்.

முதல் நாள் அவன் தன் வீட்டு விறகையெல்லாம் பிளந்தான். அடுத்த நாள் பக்கத்து வீட்டு விறகைப் பிளந்தான். அப்புறம் என் வேலியை வெட்டினான். நான் கேட்கவேயில்லை. காலையில் எழுந்து பார்த்தால் வேலி இருந்த இடத்தில் தெரு தெரிகிறது. சேப்பங்கிழங்கு தோண்டினான். இன்னும் பாதிகூட விளையாத கிழங்கு. நடுநடுவே மேலே போய்ச் சூளை முதுகில் கையை வைப்பான், காதை வைப்பான், மூக்கை வைப்பான். மிசாவோ கடப்பாரையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருந்தாள். சுத்தியலை எங்கள் நிலையத்தில் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இத ஆயுதக் கணக்குல எழுதி வெச்சுக்கங்க அண்ணே" என்றாள்.

பின்னாலேயே அவனும் வந்தான். "ஹெய்சாக்கு அண்ணே, கோடாலி ஒண்ணு குடுங்களேன்."

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மாவுக்கெல்லாம் அரசாங்கக் கோடாலி கிடையாது. உக்காரு, டீ குடி."

உட்கார்ந்தான். எழுந்தான். ஜன்னலுக்குப் போனான். "அண்ணே, நேத்து ஒரு சத்தம் கேட்டுச்சு. உள்ளயிருந்து. அவ ஜாடியா இருக்குமோ?"

"உன் தலைக்குள்ளயிருந்து வந்திருக்கும்."

"ஒரே ஒரு செங்கல். பாத்துட்டு மூடிருவேன்."

"அதத்தான் போன தடவையும் சொன்ன. உன் வீட்டுப் பாதையில ஒரு திருப்பம் முழுக்கப் போன தடவைதான் கிடக்கு."

அவன் டீயைக் குடிக்காமலே போய்விட்டான். எனக்கும் அன்றைக்கு வேலை ஓடவில்லை. ஒரு ஆள் அரிப்போடு அலைந்தால் பார்க்கிறவனுக்கும் உடம்பு அரிக்கத்தானே செய்யும்?

இப்படி இருக்கும்போதுதான் புயல் வந்தது. சாதாரணப் புயல் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் ஒரு வரிசைச் செடி அப்படியே எழுந்து நின்று குனிந்து கும்பிட்டது. கடைவாசல் தனுக்கி ஒன்று தெருவில் உருண்டு போய் பஸ் நிறுத்தத்தில் நிமிர்ந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்துவிட்டதாகக் கேள்வி. மத்தியானம் விளக்குப் போட வேண்டிய இருட்டு. அப்போது போன் அடித்தது. நூடுல்ஸ் கடை தொமி.

"அண்ணே, தோக்குஜி வீட்டு மேட்டுல புகை!"

"சூளை அடைச்சாச்சேம்மா. புகை வராதே."

"வெள்ளையா வருது. அதுக்கு நடுவுல ஒரு ஆள் உக்காந்திருக்கான். அவன்கிட்டயிருந்தும் வருது."

வண்டியை எடுத்தோம். என் சர்வீஸில் தீ என்று போன் வந்து, தண்ணீரை நிறுத்துவதற்காக நான் ஓடியது அந்த ஒருமுறைதான்.

மேட்டில் ஏறிப் பார்த்தால் சூளைக்கு மேலிருந்த தகரக் கூரையைக் காணோம். காற்று பிய்த்துக்கொண்டு போய்ப் பைன் மரத்தில் சட்டை காயப்போட்டது போலத் தொங்கவிட்டிருந்தது. மழை நேராகச் சூளை முதுகில் விழுகிறது. உள்ளே இன்னும் இரும்பு சிவக்கிற சூடு. மேலே கொட்டுவது மலைமழை. முதுகில், பின்பக்கமாக, ஒரு பிளவு வாயைத் திறந்திருந்தது. அந்த வாயின்மேல் தோக்குஜி உட்கார்ந்திருந்தான்.

சூளையின் மற்ற இடமெல்லாம் மெத்தை, பாய், மிசாவோவின் கல்யாணக் கம்பளிவரைக்கும் விரித்திருந்தது. அவள் கீழே நின்று வைக்கோல் சேர்த்து மிதித்த மண்ணை உருட்டி உருட்டி மேலே எறிந்துகொண்டிருந்தாள். அவன் அதைப் பிடித்துத் தன் தொடைக்கடியில் செருகிக்கொள்வான். நான்கு பக்கமும் ஆவி. ஆவிக்குள் அவன் ஒரு சமயம் இடதுபக்கம் சாய்வான், ஒரு சமயம் வலதுபக்கம். அப்போது எழுந்த ஆவி மழையாகித்தான் பிவா ஏரி ஒரு விரற்கடை உயர்ந்தது என்று நான் சொல்வதுண்டு. ஏரிக்காரர்கள் மறுக்கவில்லை.

"எந்திரிடா! வெந்துரும்!" என்று கத்தினேன்.

"எந்திரிச்சா கரைஞ்சுரும் அண்ணே! கையால பூசிப் பாத்துட்டேன், மழை அடிச்சுட்டுப் போகுது. உக்காந்தாத்தான் நிக்குது!"

"டேய், அது கல்யாணமான உடம்புடா!"

"மேல எதாச்சும் மூடுங்க அண்ணே! திட்டறத அப்புறமா வெச்சுக்கலாம்!"

எங்கள் டிரைவர் குழாயைக் கையில் எடுத்துவிட்டான். பழக்கதோஷம். "தண்ணி திறக்கட்டுமா?" என்றான். அவனை அங்கேயே உதைத்தேன். வண்டியிலிருந்த பெரிய தார்ப்பாயை இழுத்து, நாலு பைன் மரத்தில் கட்டினோம். கட்டக் கட்டக் காற்று அவிழ்த்தது. நான் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு தரையைவிட்டு எழும்பிப் பக்கத்துச் சேப்பந்தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். இதை நம்ப வேண்டாம். மற்றதை நம்புங்கள்.

இதற்கிடையில் மிசாவோவின் கை நின்றுவிட்டது. மண் உருண்டையைப் பிடித்தபடியே அவனைப் பார்த்தாள். அவன் முகம் வேகவைத்த இறால் நிறத்துக்கு வந்திருந்தது.

"இறங்குங்க" என்றாள். "போதும். ஜாடி போனா போகட்டும்."

"உன் வரிசை இதுக்கு நேர் கீழதான் இருக்கு."

"தெரியும். இறங்குங்கன்னு சொல்றேன்ல?"

"மண்ணப் போடு."

அவள் உருண்டையைக் கீழே வைக்கப் போனாள்.

"மிசாவோ, மண்ணப் போடு. காலு மரத்துப் போச்சு. இப்ப இறங்கச் சொன்னாலும் எனக்கு இறங்கத் தெரியாது."

அவள் எறிந்தாள். கொஞ்சம் வேகமாகவே எறிந்தாள். அது அவன் காதில் பட்டது.

தார்ப்பாய் ஓரத்துக்குப் பாரம் வைக்கச் செங்கல் தேடி நான் சூளையின் வாய்ப்பக்கம் போனேன். அங்கேதான் அதைப் பார்த்தேன். அடைத்த வாயில், மேல்வரிசைச் செங்கல்லைச் சுற்றி மண்பூச்சு பாதி சுரண்டியிருந்தது. இடுக்கில் ஒரு உளி, செருகினபடியே நிற்கிறது. மரவேலை உளி. கடப்பாரையையும் சுத்தியலையும் ஒளித்தவள் அதை மறந்துவிட்டாள். தோக்குஜி காலையில் மழைக்கு முன் வந்து ஆரம்பித்திருக்கிறான். அந்த நேரம் பார்த்துக் கூரை பறந்திருக்கிறது.

உளியைப் பிடுங்கினேன். இடுக்கில் மண்ணை அப்பினேன். திரும்பினால் மிசாவோ நிற்கிறாள்.

"அத இப்பிடிக் குடுங்க அண்ணே" என்றாள். கொடுத்தேன். இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடியும் மண் உருட்டப் போனாள். மேலே இருந்தவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்தப் புயலைவிட அதுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் காற்று விட்டது. தோக்குஜியை நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். அவன் உட்கார்ந்த கோலத்திலேயே வந்தான். கால்சட்டையின் பின்பக்கம் வரவில்லை, மண்ணோடு போய்விட்டது. வைத்தியர் ஊரிலிருந்த களிம்பையெல்லாம் அவனுக்கே செலவழித்தார். அதற்கப்புறம் அவன் நின்றுகொண்டே சாப்பிட்டான், குப்புறப் படுத்தே தூங்கினான். எங்கள் ஊரில் அவன் ஓர் இடத்தில் இருந்தது அந்த நாட்களில்தான்.

மிசாவோ அவனுக்குக் கஞ்சி வைத்தாள், மருந்து போட்டாள், பேசவில்லை. மூட்டையும் கட்டவில்லை. இரண்டில் எது நடக்கும் என்று தெரியாமல் நான் தினம் ஒரு சாக்கை வைத்துக்கொண்டு அங்கே போனேன். ஒருநாள் உப்புக் கேட்கப் போனேன். என் கையில் ஏற்கனவே உப்புப் பொட்டலம் இருந்தது.

சூளை திறக்க வேண்டிய நாள் வந்தது. வெயில் அடித்தது. மிசாவோ விடிந்ததிலிருந்து சூளைவாசலில் நின்றாள். தோக்குஜி ஒரு கழியை ஊன்றிக்கொண்டு மெதுவாக ஏறிவந்தான். அவள் இடுப்பிலிருந்து உளியை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க. அன்னைக்கே ஆரம்பிச்சுட்டீங்க. முடிங்க."

அவன் உளியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் பைன் மரத்தைப் பார்த்தேன்.

"தொட்டேன்" என்றான். "கூரை பறக்கலேன்னா எடுத்திருப்பேன்."

"தெரியும்."

"ஹிகோனேக்குப் போறியா?"

"மொதல்ல திறங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

அவன் போய்ச் செங்கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தான். வெகுநேரம் வைத்திருந்தான். அப்புறம் உளியை அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

"இன்னைக்கு வேணாம். மழையில உள்ள ஈரம் இறங்கியிருக்கும். இன்னும் ஆறட்டும்."

"என்னது?"

"நாளைக்குப் பாப்போம். இல்லேன்னா நாளன்னைக்கி."

மிசாவோ உளியும் கையுமாக நின்றாள். "என்னால முடியாது" என்றாள். "உள்ள என்ன ஆச்சுன்னு தெரியாம ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல! ஒரே ஒரு செங்கல். பாத்துட்டு மூடிரலாம்."

நான் ஓட்டாஞ்சில்லுப் பாதையில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும்தான் சிரித்தாள். அவன் குப்புறச் சாய்ந்து சூளைமேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான். சிரித்தால் பின்னால் வலித்தது. வலித்ததால் இன்னும் சிரித்தான்.

அவன் திறக்கலாம் என்று சொன்ன நாளில் திறந்தோம். முன்வரிசையில், உளி நுழைந்த இடத்துக்கு நேராக, அவனுடைய ஆகச் சிறந்த ஜாடி மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. கொஞ்சநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "இது பாதைக்கு" என்று ஓரமாக வைத்தான். அப்புறம் பின்வரிசை. ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தோளில் பச்சை வழிந்து, ஒரு பக்கம் தணல் நிறத்தில், மறுபக்கம் மண்ணுக்குள் புதைந்து கிடந்த மாதிரிச் சாம்பல் படிந்து. மிசாவோ ஒவ்வொன்றையும் விரல்கணுவால் தட்டினாள். ஒன்றுகூடக் கரகரக்கவில்லை. எல்லாவற்றையும் தட்டி முடித்துவிட்டு, கீழே போய் அரிசிப் பானையிலிருந்து கடப்பாரையை எடுத்து, அது எப்போதும் இருக்கும் இடத்தில் சாத்தினாள். ஹிகோனேப் பேச்சு அத்தோடு முடிந்தது.

புயலில் மண் சரிந்த சாலையைச் சரிசெய்ததும் கன்பெய் ஒசாக்காவிலிருந்து வந்துசேர்ந்தான். நான் அவன் லாரியைப் பஸ் நிறுத்தத்திலேயே மறித்துக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டான்.

"யோவ், நீ சொன்னா நான் பாதியக் கழிச்சுருவேன். மீதி பாதியும் பொய்யாத்தான் இருக்கும். அவன் வெந்நீர்த் தொட்டியில வழுக்கி விழுந்திருப்பான். அவனாவது, காத்திருக்கறதாவது!"

"வந்து பாருய்யா. அச்சு இருக்கு."

"என்ன அச்சு?"

"வந்து பாரு."

சூளை முதுகில் தோக்குஜி உட்கார்ந்த மண் அப்படியே இறுகிக் கிடந்தது. அடிச்சூடு அதைச் சுட்டுவிட்டிருந்தது. இரண்டு குழி, நடுவில் ஒரு வரப்பு. கன்பெய் ஏறிக் குனிந்து பார்த்தான்.

"இவன் மண்வேலைக்காரன். கையால வனைஞ்சு வெச்சிருக்கான்" என்றான். ஆனால் குரலில் பழைய கொட்டாவி இல்லை.

"உனக்குத் தெரியாததா? காலம் பூரா தனுக்கிக்கு இதத்தான வனையற. நீயே பாத்துச் சொல்லு."

அவன் முட்டி போட்டான். கட்டைவிரலால் குழியின் விளிம்பைத் தடவினான். துணியின் இழை பதிந்திருந்தது. வலதுபக்கக் குழியில், ஒட்டுப்போட்ட இடம் சதுரமாகத் தெரிந்தது. ஒட்டைச் சுற்றிச் சின்னச் சின்னத் தையல், அரிசியைப் பரப்பிவைத்தது போலக் குறுக்கும் நெடுக்குமாக. கன்பெய்யின் விரல் அங்கே நின்றது. அந்த மாதிரித் தையல் அவனுக்கும் மிசாவோவுக்கும் அம்மாவானவள் போடுவது. மிசாவோவுக்கு மட்டும்தான் கைக்கு வந்தது. கன்பெய்யின் பழைய கால்சட்டைகளிலும் அது உண்டு. தையல் ஓரிடத்தில் இழுபட்டிருந்தது, ஒருத்தன் இடதுபக்கமும் வலதுபக்கமுமாகச் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்தது போல.

கீழே மிசாவோ தன் ஜாடி ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தோக்குஜி நின்றபடியே நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான், பொருந்துதா?" என்று கேட்டான்.

கன்பெய் திரும்பி, தன் பின்பக்கத்தை அந்தக் குழிக்குள் இறக்கிப் பார்த்தான். பாதிகூட இறங்கவில்லை. அப்படியே தொற்றி உட்கார்ந்துகொண்டு கீழே பார்த்தான், தங்கையை, அவள் கையிலிருந்த ஜாடியை, கிண்ணத்தோடு நின்ற மாப்பிள்ளையை. வெயிலில் சூளை இன்னும் இளஞ்சூடாக இருந்திருக்க வேண்டும், ஒருதரம் நெளிந்தான்.

"ஹெய்சாக்கு" என்றான்.

"என்னய்யா?"

"வைக்கோல் தொப்பி எங்க கடையில மாடியில கிடக்கு. எடுத்துட்டு வா." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நடந்திருக்கு. இது நடந்ததுதான்."